பெனிசிலினைச் செய்யும் பூஞ்சை அதே பெனிசிலினில் ஏன் சாவதில்லை? செல் சுவர் பற்றி ஒரு சந்தேகம்

அறந்தாங்கி அப்பா

வணக்கம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், கூடவே நீட்டுக்கும் தயாராகிறாள். நான் பி.காம். அவள் கேட்பதற்கெல்லாம் என்னிடம் பதில் கிடையாது. புத்தகத்தில் தாவரம், பாசி, பூஞ்சை, பாக்டீரியா நான்குக்கும் செல் சுவர் உண்டு, விலங்குக்கு மட்டும் இல்லை என்று ஒரு அட்டவணை இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் 'பெனிசிலின் செல் சுவர் உருவாவதைத் தடுக்கும்' என்று ஒரு வரி. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கேட்கிறாள்: பெனிசிலினைச் செய்வதே ஒரு பூஞ்சை, அதற்கும் செல் சுவர் இருக்கிறது, அப்படியென்றால் தன் மருந்தில் தானே ஏன் சாகவில்லை? செடிக்குப் பெனிசிலின் ஊற்றினால் செடி செத்துப்போகுமா? டியூஷனில் கேட்டதற்கு 'அது பரீட்சைக்கு வராதும்மா' என்று சொல்லிவிட்டார்களாம். தெரிந்தவர்கள் கொஞ்சம் எனக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

மைக்ரோ மணிமேகலை

பரீட்சைக்கு வருதோ இல்லையோ, உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள் சார். நான் ஆஸ்பத்திரி லேபில் நுண்ணுயிரியல் பார்க்கிறவள், அதனால் பாக்டீரியா பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

நான்குக்கும் சுவர் உண்டு, ஆனால் சரக்கு வேறு வேறு. பெனிசிலின் சுவரைக் கண்டால் இடிக்கிற மருந்து இல்லை. பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கான். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலிகள், அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கக் குட்டி அமினோ அமிலத் துண்டுகள். பிணைப்பு போடுவதற்கு முன் அந்தத் துண்டின் நுனியில் டி-அலனின், டி-அலனின் என்று இரண்டு இருக்கும். நம் உடம்பின் புரதங்கள் எல்-வகை அமினோ அமிலத்தால் ஆனவை, அதன் கண்ணாடி பிம்பமான இந்த டி-வகையைச் சுவருக்குள் வைத்துக் கட்டுவது பாக்டீரியாவின் தனி வழக்கம். குறுக்குப் பிணைப்பைப் போடும் என்சைம் அந்த நுனியைத் தேடி வருகிறது. பெனிசிலின் மூலக்கூறு அதே உருவத்தில் போய் என்சைமின் வாயில் உட்கார்ந்துகொள்கிறது, வெளியே வருவதும் இல்லை. 1965-இல் டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற இரண்டு பேர் முன்வைத்த விளக்கம் இது, இன்றுவரை நிற்கிறது.

பூஞ்சையின் சுவரில் கைட்டின், பீட்டா குளுக்கான், மேல்பூச்சாக மேனோஸ் சர்க்கரை ஏறிய புரதங்கள். அங்கே டி-அலனினும் இல்லை, அந்த என்சைமும் இல்லை. பெனிசிலின் வந்தாலும் பிடிக்க ஒன்றும் கிடையாது, அதனால் பெனிசிலியம் தன் மருந்திலேயே சொகுசாக வளர்கிறது.

செடிக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்றால், அதைத் தினமும் செய்கிற இடமே இருக்கிறது. திசு வளர்ப்புக் கூடங்களில் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை வைத்துச் செடிக்குள் மரபணுவை ஏற்றிய பிறகு, வேலை முடிந்த பாக்டீரியாவைக் கொல்லப் பெனிசிலினின் உறவுக்கார மருந்துகளான செஃபோடாக்சிமையோ கார்பெனிசிலினையோ வளர்ப்பு ஊடகத்திலேயே கலக்கிறார்கள். பாக்டீரியா சாகிறது, பக்கத்திலேயே செடி துளிர்விடுகிறது.

ஏடாகூடம்

மேடம், 'சரக்கு வேறு வேறு' என்பதை அவ்வளவு சுலபமாக விட முடியாது. செடிச் சுவரின் செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் சங்கிலி, பீட்டா 1,4 என்ற வகைப் பிணைப்பு. கைட்டின் என்பது அதே பீட்டா 1,4 சங்கிலி, ஒவ்வொரு குளுக்கோஸிலும் இரண்டாம் கார்பனில் ஓர் அசிட்டைல் அமினோ கூட ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன பெப்டிடோகிளைக்கானின் சங்கிலியும் பீட்டா 1,4. அதில் பாதி சர்க்கரை கைட்டினில் இருக்கிற அதே சர்க்கரை, மீதிப் பாதி அதற்கு ஒரு லாக்டிக் அமிலம் ஒட்டியது. எல்லாமே குளுக்கோஸும் குளுக்கோஸின் பங்காளிகளும்தான். பாடப்புத்தக அட்டவணைதான் நான்கு தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் ஒரே யோசனைக்கு நான்கு வடிவம்.

திருப்பூர் நூல்கண்டு

ஏடாகூடம் அண்ணன் சொல்வதற்கு எங்கள் சாயப்பட்டறைப் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது. வெள்ளை பனியன் துணி பளிச்சென்று நீலம் கலந்து வெளுப்பாகத் தெரிய ஆப்டிகல் பிரைட்னர் போடுவோம், புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். அந்தக் குடும்பத்துச் சாயம் ஒன்றுக்குக் கால்கோஃப்ளூர் வொயிட் என்று பெயர். அது பருத்தியின் செல்லுலோஸில் ஒட்டுகிற மாதிரியே பூஞ்சையின் கைட்டினிலும் ஒட்டும் என்று ஒரு தொழில்நுட்ப வகுப்பில் சொன்னார்கள். லேபில் அதை வைத்துத்தான் பூஞ்சை பார்க்கிறார்களாம், உண்மையா மேடம்?

மைக்ரோ மணிமேகலை

உண்மைதான் தம்பி. ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப் இருக்கிற லேபில் அதைத்தான் போடுவார்கள், இருட்டில் பூஞ்சை இழை நீலமாக எரியும். ஆனால் ஒரு தொல்லை, சாம்பிளில் பஞ்சு நூல் ஒன்று விழுந்திருந்தால் அதுவும் அதே மாதிரி எரியும், புதிதாக வந்த பிள்ளைகள் அதைப் பூஞ்சை என்று எழுதிவிடப் பார்ப்பார்கள்.

சாதாரண லேபில் இன்னும் எளிய வழி. படர்தாமரை என்று வருகிறவரின் தோலின் ஓரத்தில், வட்டத்தின் விளிம்பில், பிளேடால் மெதுவாகச் சுரண்டினால் மாவு மாதிரி செதில் விழும். ஸ்லைடில் வைத்து 10 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, மேலே கவர் ஸ்லிப், கொஞ்ச நேரம் விட வேண்டும். அந்தக் காரத்தில் நம் தோலின் கெரட்டின் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பூஞ்சையின் சுவர் மட்டும் கரையாமல் நிற்கும். கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் குறுக்குச் சுவரோடு கிளை விட்ட இழைகள் தெளிவாகத் தெரியும்.

ஏடாகூடம் சார், முதுகெலும்பு ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து முதுகெலும்பைப் பார்ப்பதில்லை, அதைக் கட்டுகிற என்சைமைப் பார்க்கிறது. ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் இரண்டுமே சுத்தமான குளுக்கோஸ்தான், பிணைப்பு ஆல்ஃபாவா பீட்டாவா என்பது மட்டும் வேறு. அந்த ஒரு திருப்பத்தில்தான் சோறு நமக்கும் வைக்கோல் மாட்டுக்கும் என்று ஆனது. மாட்டுக்கும் சொந்தமாகச் செல்லுலோஸ் கரைக்கும் என்சைம் கிடையாது, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. 'கிட்டத்தட்ட ஒன்று' என்பது வேதியியலில் பெரிதாக ஒன்றும் அர்த்தம் தராது.

சமையல்கட்டு சாந்தி

நான் வேறு கேள்வி கேட்கலாமா? புளியை முதலில் ஊற்றிவிட்டால் காய் வேகாது என்று மாமியார் சொல்வார். நானும் பார்த்திருக்கிறேன், சேனைக்கிழங்கு புளித்தண்ணீரில் எவ்வளவு கொதித்தாலும் கடுக் கடுக்கென்றே நிற்கும். அதற்கும் இந்தச் சுவருக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை நான் இழையைத் திசை திருப்புகிறேனா?

ஏடாகூடம்

சம்பந்தம் நேரடியாகவே உண்டு சகோதரி, மாமியார் சொன்னது சரி. காய் வேகிறது என்றால் செல்லுலோஸ் கரைகிறது என்று அர்த்தமில்லை, அது அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது. பக்கத்துப் பக்கத்து செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின். சூட்டில் பெக்டின் சங்கிலி அறுந்து கரைந்தால் செல்கள் ஒன்றை விட்டு ஒன்று பிரிகின்றன, நாக்குக்கு மெத்தென்று இருக்கிறது. பெக்டின் அறுபடும் வேகம் புளிப்பைப் பொறுத்தது. பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும்போது அது மிகவும் கெட்டியாக நிற்கும், காரத்தன்மை (சோடா மாதிரி, மிளகாய்க் காரம் இல்லை) ஏற ஏறச் சீக்கிரம் அறும். அதனால்தான் புளி சேர்த்தால் வேகாது, ஆப்ப சோடா சேர்த்தால் குழைந்துவிடும். சோடா போட்டால் சில வைட்டமின்கள் போய்விடும், அதனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொன்று, உப்புத் தண்ணீர் ஊர்களில் பருப்பு வேகாது என்பார்களே, அது பெரும்பாலும் கடினநீரின் கால்சியம் செய்கிற வேலை. கால்சியம் இரண்டு பெக்டின் சங்கிலிகளை இழுத்துப் பிணைத்துவிடும். இதையே வேண்டுமென்றும் செய்கிறார்கள். ஆக்ராவில் பேட்டா என்று வெண்பூசணியில் மிட்டாய் செய்வார்கள், துண்டுகளை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத்தான் பாகில் வேகவைப்பது. இல்லையென்றால் பூசணி கூழாகிவிடும்.

சமையல்கட்டு சாந்தி

அப்போ காளான்? அதை எவ்வளவு நேரம் வேகவிட்டாலும் குழையவே குழையாதே.

ஏடாகூடம்

காளானில் பெக்டின் இல்லையே. கைட்டினும் குளுக்கானும் கொதிக்கிற தண்ணீரில் கரைவதில்லை. தண்ணீர் விட்டுச் சுருங்கும், அதோடு சரி.

வயல்வரப்பு

பேசுகிற பேச்சில் வயலை விட்டுவிட்டீர்கள். நெல்லில் குலை நோய் பார்த்தவர்கள் இருப்பீர்கள், இலையில் கண் மாதிரி இரண்டு முனையும் கூரான புள்ளி, அப்புறம் கழுத்து கருத்துக் கதிர் ஒடிந்து தொங்கும். பி.பி.டி. 5204 நெல் ரகம் போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சம்பாவில் மார்கழிப் பனி இறங்கி, யூரியாவும் கொஞ்சம் கூடப் போயிருந்தால் வந்தது வந்ததுதான்.

அந்தப் பூஞ்சை இலைக்குள் நுழையும் விதம்தான் இங்கே பொருத்தம். நெல் இலையின் மேல்தோலில் செல் சுவரில் சிலிக்கா படிந்திருக்கும், இலையை உருவினால் கை கிழிவதும் அதனால்தான். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலும் பெரும்பாலும் சிலிக்காதான். இந்தக் கவசத்தை உடைக்கப் பூஞ்சை வித்து இலையில் ஒட்டி, முளைவிட்டு, நுனியில் உருண்டையாக ஒரு செல்லை உண்டாக்குகிறது. அதன் சுவரின் உட்புறம் மெலனின் பூச்சு, கறுப்பு நிறம். உள்ளே கிளிசரால் சேர்கிறது, பூச்சு இருப்பதால் அது வெளியே கசிய முடியாது, தண்ணீர் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் ஏறும் என்று அளந்திருக்கிறார்கள், கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு. அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து ஓர் ஊசி முனை இலைக்குள் இறங்குகிறது.

நாம் அடிக்கும் ட்ரைசைக்ளசோல் என்ன செய்கிறது என்று கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. அது பூஞ்சையை நேராகக் கொல்வதில்லை, மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. பூச்சு இல்லாத சுவரில் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது, ஊசி இறங்காது. அதனால்தான் நோய் வருவதற்கு முன் அல்லது முதல் புள்ளி கண்டவுடன் அடித்தால் கேட்கும், உள்ளே நுழைந்து இலை கருகிய பிறகு டேங்க் டேங்காக அடித்தாலும் பணம்தான் போகும். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் 'மருந்து டூப்ளிகேட்' என்கிறார்கள்.

அறந்தாங்கி அப்பா

இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நன்றி. மகள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அடுத்த கேள்வி: சுவர் கட்டுவதைத் தடுத்தால் பாக்டீரியா ஏன் வெடிக்க வேண்டும்? நம் செல்லுக்குச் சுவரே இல்லை, அது வெடிக்கவில்லையே?

மைக்ரோ மணிமேகலை

நம் செல்கள் நனைந்திருப்பது இரத்தத்திலும் திசுநீரிலும். அதன் உப்பு அளவை உடம்பு எப்போதும் செல்லுக்குச் சமமாக வைத்திருக்கிறது. இரத்தச் சிவப்பணுவை எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் அதுவும் வெடிக்கும், அதனால்தான் நரம்பில் ஏற்றுவது வெறும் தண்ணீர் இல்லை, 0.9 சதவீத உப்பு நீர். பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை, குட்டையில், மண்ணில், மழை நீரில் எல்லாம் வாழ வேண்டும். உள்ளே சரக்கு அடர்த்தி, தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். கிராம் பாசிட்டிவ் என்ற தடித்த சுவர் வகையில் இந்த அழுத்தம் 20 வளிமண்டலம் வரை போகும். சுவர்தான் அதைத் தாங்குகிறது.

பெனிசிலின் பழைய சுவரை இடிப்பதில்லை என்பதை உங்கள் மகள் கவனிக்கட்டும். வளர்கிற பாக்டீரியா தன் சுவரைத் தானே அங்கங்கே வெட்டி, இடைவெளியில் புதுச் சங்கிலியைச் செருகிப் பெரிதாகிறது. வெட்டுகிற என்சைம் வேலை செய்துகொண்டே இருக்க, தைக்கிற என்சைமைப் பெனிசிலின் முடக்குகிறது. தன் கத்தியால் தானே சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வளராமல் சும்மா கிடக்கிற பாக்டீரியாவைப் பெனிசிலின் அவ்வளவாகத் தொடாது.

சுவரை நேராக வெட்டுகிற சரக்கும் உண்டு. நம் கண்ணீரில், எச்சிலில், கோழிமுட்டை வெள்ளைக் கருவில் இருக்கும் லைசோசைம். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் அதற்கு முன்பே கண்டுபிடித்தது, 1922-இல் வெளியிட்டார். சளியிலிருந்துதான் தொடங்கியது கதை.

அப்புறம், பாக்டீரியாவைச் சுவரை வைத்து இரண்டாகப் பிரிக்கும் கிராம் சாயம். 1884-இல் டென்மார்க்காரரான ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் இருக்கும்போது கொண்டுவந்தது, நான் இன்றைக்குக் காலையிலும் போட்டேன். ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியில் சஃப்ரனின். எல்லாக் கலையும் அந்த ஆல்கஹாலில்தான். சில விநாடி கூட விட்டால் தடித்த சுவரிலிருந்தும் ஊதா போய்விடும், குறைத்தால் மெல்லிய சுவர்க்காரனும் ஊதாவாகவே நிற்பான். கிராம் பாசிட்டிவ் சுவர் 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன். நெகட்டிவில் சில நானோமீட்டர்தான், ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. அந்த வெளிச்சவ்வுதான் பல மருந்துகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

சேத்துப்பட்டு பழைய ஆள்

மேடம், காசநோய்க் கிருமியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அது கிராம் சாயத்தில் ஒழுங்காகப் பிடிக்காது. சுவருக்கு மேல் மைக்காலிக் அமிலம் என்ற நீளமான கொழுப்பு அமிலங்கள் மெழுகு மாதிரி படிந்திருக்கும். கார்பால் ஃபியூக்சின் ஊற்றி ஸ்லைடுக்கு அடியில் சூடு காட்டி ஆவி வர வைத்தால்தான் சிவப்பு உள்ளே ஏறும், ஏறிய பிறகு அமிலம் ஊற்றினாலும் போகாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள்.

ஐசோனியசிட் அந்த மைக்காலிக் அமிலம் உண்டாவதைத் தடுக்கிறது, எத்தாம்பியூட்டால் அதற்கு அடியில் இருக்கும் அராபினோஸ் சங்கிலியைத் தடுக்கிறது. இரண்டுமே சுவர் மருந்துதான், ஆனால் சாதாரணக் காய்ச்சல் கிருமியிடம் அந்தச் சரக்கு இல்லாததால் அங்கே பயன்படாது. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வை இங்கே நினைவூட்டுகிறேன். ஐசோனியசிட்டும் பாஸ் மருந்தும் கொடுத்து, பாதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்தும் பாதிப்பேரை வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு பார்த்தார்கள். வசதியில்லாத, நெரிசலான வீடுகள், இருந்தும் குணமாவதில் பெரிய வித்தியாசம் வரவில்லை. 1959-இல் முடிவு வெளிவந்த பிறகு சானடோரியம் படுக்கை வைத்தியம் உலகம் முழுக்கக் காலாவதியாகத் தொடங்கியது. இன்றைக்கு மாத்திரையை வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறோம் என்றால் அந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு.

மண்டபம் கடலோரம்

முதல் கேள்வியில் பாசியும் இருக்கிறது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மணிமேகலை அக்கா பாக்டீரியா வளர்க்கும் தட்டில் இருப்பது என்ன? அகார். அது எங்கள் பக்கத்துக் கடல் பாசியின் செல் சுவர்தான்.

இராமேசுவரம், பாம்பன், சின்னப்பாலம் பக்கமெல்லாம் பெண்கள் கண்ணாடி போட்டு மூழ்கிப் பாசி எடுப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகாருக்கு, கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்கு. முதல் இரண்டும் சிவப்புப் பாசி, அவற்றின் சுவரில் செல்லுலோஸ் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கேலக்டோஸ் சர்க்கரையால் ஆன கொழகொழச் சரக்கு. கட்டக்கோரை பழுப்புப் பாசி, அதில் ஆல்ஜினிக் அமிலம். பல் டாக்டர் பல் செட்டுக்கு அளவெடுக்க வாயில் வைக்கிற கூழ் அதில்தான் செய்வது. நோன்பு நேரத்தில் கடல்பாசி என்று பால் ஊற்றி, ரோஸ் நிறத்தில், இளநீரில் எல்லாம் செய்வோமே, அதுவும் அகார்தான். அலை அடித்து வளைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் மரம் மாதிரி விறைப்பான சுவர் இருந்தால் ஒடிந்துவிடும், ரப்பர் மாதிரி வளைகிற சுவர்தான் கட்டுப்படியாகும்.

லேபுக்கு அகார் போனதும் சமையலறை வழியாகத்தான். பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் கூடத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், 1881 வாக்கில். அதற்கு முன் ஜெலட்டின் போட்டுத் தவித்திருக்கிறார்கள், வெயிலில் உருகும், பாக்டீரியாவும் தின்றுவிடும். அகார் 85 டிகிரிக்குப் போனால்தான் உருகும், பெரும்பாலான பாக்டீரியாவுக்கு அதைத் தின்னத் தெரியாது. ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் அவர் கற்ற சமையல் அது. கோக் தன் கட்டுரையில் அகாரைச் சொன்னார், ஃபானி பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மூழ்கி எடுக்கிறவர்கள் பெயரும் எந்தத் தட்டிலும் இல்லை, அது வேறு கதை.

நூற்பாலை நந்தினி

ஸ்பைருலினா மாத்திரை பாசியில் செய்தது என்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கா?

மைக்ரோ மணிமேகலை

இல்லைம்மா, ஸ்பைருலினா பாசி என்று பெயர் வாங்கிய சயனோபாக்டீரியா. அதன் சுவர் பெப்டிடோகிளைக்கான், செல்லுலோஸ் கிடையாது. குளோரெல்லா நிஜமான பச்சைப் பாசி, அதன் சுவர் கடினம், அதனால்தான் அந்த டப்பாவில் 'சுவர் உடைத்தது' என்று அச்சடித்து விற்கிறார்கள்.

ஏடாகூடம்

இப்போது நான் ஒரு குண்டு போடுகிறேன். செடிக்குள் பெனிசிலினுக்கு வேலையே இல்லை என்று எல்லோரும் தலையாட்டிவிட்டீர்கள். பாசம் என்கிறோமே, மாஸ், சுவரில் ஈரத்தில் படர்வது, அந்த வகையில் ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற செடிக்குப் பெனிசிலின் குடும்பத்து ஆம்பிசிலின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். செடி சாகவில்லை. ஆனால் செல்லுக்குள் பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்) பிரிய முடியாமல் வீங்கி, வழக்கமாக ஒரு செல்லில் நாற்பது ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சில பூதாகாரமான பசுங்கணிகங்கள் மட்டும் நின்றன. 2016-இல் ஜப்பானியர்கள் சாயமேற்றிக் காட்டிவிட்டார்கள், அந்தப் பசுங்கணிகத்தைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் உறையே இருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மைக்ரோ மணிமேகலை

இதற்கு உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். ஆனால் இது என் பக்கத்துக்குத்தான் பலம். பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த சயனோபாக்டீரியா, ஏதோ ஒரு செல் விழுங்கி வைத்துக்கொண்டது. அதன் பழைய பாக்டீரியாச் சுவரின் மிச்சம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆம்பிசிலின் அதைச் சரியாகத் தேடிப் பிடித்திருக்கிறது. அதே செல்லின் வெளியே இருக்கும் செல்லுலோஸ் சுவரைத் தொட்டதா? இல்லை. ஒரே செல்லுக்குள் இரண்டு சுவர், மருந்துக்கு எது தன் ஆள் என்று தெரிகிறது.

ஏடாகூடம்

காபியை ஏற்றுக்கொள்கிறேன், வாதத்தை இன்னும் இல்லை.

திருப்பூர் நூல்கண்டு

பூஞ்சையே அடுத்தவர் சுவரைத் தின்பது பற்றியும் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க இராணுவத்தின் கூடாரத் துணியெல்லாம் இற்றுப்போய், அதில் பிடித்த ஒரு பூஞ்சையைத்தான் பின்னால் டிரைக்கோடெர்மா ரீசை என்றார்கள். இன்றைக்கு எங்கள் பயோ வாஷுக்கு வரும் செல்லுலேஸ் என்சைம் அதன் வழி வந்தது. பருத்தி நார் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல், மூன்று சென்டிமீட்டர் வரை நீண்ட ஒற்றைச் செல்லின் சுவர், ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு முனைகளை என்சைம் தின்றுவிடும், பனியன் வழவழப்பாகும், பின்னால் உருண்டை உருண்டையாகப் பஞ்சு எழும்பாது. 50 டிகிரியை ஒட்டி வைத்து, புளிப்பும் அளவாக வைத்து ஓட்ட வேண்டும். நேரம் முடிந்ததும் சூட்டை ஏற்றி என்சைமைக் கொன்றுவிட வேண்டும், மறந்துபோய் டீ குடிக்கப் போனால் அது துணியையே தின்ன ஆரம்பிக்கும், எடையும் போகும் பலமும் போகும், பார்ட்டி பீஸைத் திருப்பி அனுப்புவான்.

வயல்வரப்பு

அதே குடும்பத்து டிரைக்கோடெர்மா விரிடியைத்தான் நாங்கள் வேரழுகலுக்குத் தொழுவுரத்தில் கலந்து போடுகிறோம். அது கைட்டினேஸ், குளுக்கனேஸ் இரண்டையும் விட்டு மற்றப் பூஞ்சையின் சுவரைக் கரைத்துத் தின்னும்.

அப்புறம் சுவரே இல்லாத எதிரியும் உண்டு. எள்ளில் பூ எல்லாம் பச்சை இலையாக மாறிக் காய் பிடிக்காமல் போகும், கத்தரியில் இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாக நிற்கும். இரண்டும் ஃபைட்டோபிளாஸ்மா, செல் சுவர் இல்லாத பாக்டீரியா, தத்துப்பூச்சி பரப்புவது. 1967-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கும்வரை வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். டெட்ராசைக்ளினுக்கு அடங்கியது, பெனிசிலினுக்கு அடங்கவில்லை, சுவர் இல்லை என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

அறந்தாங்கி அப்பா

கடைசியாக ஒன்று. கொரோனா சமயத்தில் சொந்தத்தில் ஒருவருக்குக் கருப்புப் பூஞ்சை வந்தது. பூஞ்சைக்குச் சுவர் மருந்து இருந்தால் அதைக் கொடுத்திருக்கலாமே, ஏன் ஆம்போடெரிசின் மருந்து கிடைக்காமல் எல்லோரும் அலைந்தார்கள்?

மைக்ரோ மணிமேகலை

பூஞ்சைக்குச் சுவர் மருந்து இருக்கிறது சார், எக்கினோகேண்டின் வகை, 2001-இல் காஸ்போஃபஞ்சின் முதலில் வந்தது. பீட்டா 1,3 குளுக்கானைக் கட்டும் என்சைமை முடக்கும். கேண்டிடா என்ற பூஞ்சைக்கு நன்றாகக் கேட்கும். கருப்புப் பூஞ்சை என்று பேர் வைத்த மியூகார் வகையின் சுவரில் அந்தக் குளுக்கான் பெயருக்குத்தான், கைட்டினும் கைட்டோசானும்தான் பெரும்பங்கு. அதனால் அந்த மருந்து அங்கே நிற்காது. இரத்தத்தில் குளுக்கான் தேடும் பரிசோதனையிலும் அது பெரும்பாலும் நெகட்டிவ் காட்டும். ஆம்போடெரிசின் சுவரை விட்டுவிட்டுச் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடிக்கிறது, அது மியூகாரிலும் இருக்கிறது. 2021-இல் எங்களிடம் வந்த சாம்பிள்களில் குறுக்குச் சுவர் இல்லாத, ரிப்பன் மாதிரி அகலமான இழைகள், செங்குத்தாகக் கிளை விட்டிருக்கும். அந்தப் பூஞ்சைக்கே கறுப்பு நிறம் கிடையாது, இரத்த ஓட்டம் அடைபட்டுச் செத்த சதைதான் கறுப்பு.

படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபினும் எர்கோஸ்டெரால் பக்கத்து மருந்துதான். வீட்டில் மிச்சமிருக்கும் பெனிசிலின் வகை அமாக்சிசிலினைப் படர்தாமரைக்கு விழுங்குகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம்.

காவேரிப் பாசனம்

வயல்வரப்பு அண்ணே, விதை நேர்த்தி செய்யும்போது கார்பென்டசிம் பூஞ்சை மருந்தும் டிரைக்கோடெர்மாவும் ஒன்றாகப் போடலாமா? கடையில் இரண்டையும் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

வயல்வரப்பு

போடாதே தம்பி. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், கார்பென்டசிம் அதையும் கொன்றுவிடும், காசு தண்டம். ஏதாவது ஒன்றைப் போடு. இதேபோல விதைக்குப் போடும் சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா என்பதால் அதற்குக் கார்பென்டசிம் அவ்வளவு பிரச்சினை இல்லை, ஆனால் தாமிர மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசினும் அதற்கு ஆகாது. பாக்கெட்டில் தேதியையும் பார்த்து வாங்கு, பழசென்றால் உள்ளே உயிர் இருக்காது.